இரண்டு படி இறங்கிய ஊர்

ரொக்காலேவி என்கிற மலையூரில் யாராவது ஒருவர் ஊரைவிட்டுப் போவதென்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டால் அந்தக் கணமே மலை ஒரு படி உயர்ந்துவிடும் என்பது, சிசிலியின் அந்தப் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரிந்த விசயம்தான். ஆனால் பலெர்மோவிலிருந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு, வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அங்கே போய் இறங்கிய மூன்று யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. யாரோ கைபேசியில் அனுப்பிய படத்தில் ஊர் வடிவாக இருந்தது, வந்தார்கள், அவ்வளவுதான்.

மூவரில் மூத்தவள் கமலாக்கா. அறுபத்தொரு வயது, பலெர்மோவில் புருசனோடு குடியிருப்பவள், வாய்க்குள் ஒரு சங்கதியைப் பத்து நிமிடம் வைத்திருக்கத் தெரியாதவள். மற்ற இருவர் தவமலரும் அவளைவிட இரண்டு வயது இளைய பிலோமினாவும். இவர்கள் இருவரும் வேறு வேறு வீடுகளில் தங்கியிருந்து வயதுபோன இத்தாலியர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார்கள். வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு என்பதால், அந்த ஒன்றரை நாளுக்காகவே சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறையை இருவருமாக வாடகைக்கு எடுத்து, இரண்டு கட்டில் போட்டு, ஒரு கட்டிலுக்கு மேலே முருகனையும் மறு கட்டிலுக்கு மேலே அந்தோனியாரையும் மாட்டி, இருபத்திரண்டு வருடமாக அங்கே சமைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, சண்டை பிடித்து, திங்கட்கிழமை காலையில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று தவமலரின் கைப்பையில், ஸிப் வைத்த உள்பையில், பர்மிங்ஹாமுக்கு ஒரு விமானச் சீட்டு இருந்தது. அவள் பதினொரு வருடம் பார்த்துக்கொண்ட சீமாட்டி மாசியில் இறந்துபோக, மகன் நிரூபன், “காணும் அம்மா, மற்றவையின்ர முதுகு தேய்ச்சது காணும்” என்று சொல்லிச் சீட்டை எடுத்து அனுப்பியிருந்தான். அவளும் “ஓம் தம்பி” என்று சொல்லியிருந்தாள். பத்தொன்பதாம் திகதி பயணம், இன்னும் பதினொரு நாள். பிலோமினாவிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்த வியாழன் ஒவ்வொன்றும் சொல்லாமலே போய்விட்டது, இன்றைக்கு மலை உச்சியில் வைத்து, சாப்பிட்டு முடிந்த கையோடு சொல்லிவிடுவதென்று தீர்மானித்து வந்திருந்தாள். 

பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஊர்வாசல் வரைக்கும் இருநூற்றுப் பதினான்கு படிகள். மேலே கிடந்த படிகள் தேய்ந்து வழவழத்தும், கீழே வர வரப் புதிதாகவும், கடைசிப் பத்துப் பதினைந்து நேற்றுச் செதுக்கியவை போலவும் இருந்ததைக் கமலாக்கா கவனித்தாள். “இதென்ன, கீழ இருந்து மேல கட்டாம மேல இருந்து கீழ கட்டியிருக்கிறாங்கள்” என்று சொல்லி, மூச்சு வாங்கி, நாகதாளிச் செடிக்குப் பக்கத்தில் ஒருமுறை குந்தி எழும்பினாள்.

மேலே போனதும் மற்றச் சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் எதைச் செய்வார்களோ அதைச் செய்தார்கள். கோட்டைச் சுவரைப் பார்த்தார்கள், தூரத்துக் கடலைப் பார்த்தார்கள், வறண்டு கிடந்த சதுக்கத்து நீரூற்றுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பிறகு கோயிலுக்குப் போனார்கள். அங்கேதான் அந்த ஊருக்கு வந்த எந்தச் சுற்றுலாக்காரரும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார்கள். பலெர்மோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குகையில் இருக்கும் புனித ரொசாலியாவிடம் வெறுங்காலோடு ஏறிப் போய்ப் பழகியவர்கள், சைவமோ கிறிஸ்தவமோ சாமி இருக்கிற இடத்துக்குள் செருப்போடு போகத் தெரியாதவர்கள், மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிச் சோடி சோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே தளம் போடப்பட்டிருக்கவில்லை, மலையின் பாறையே தரை. கால் சில்லிட்டது. பிலோமினா முழங்காலில் நின்றாள், மற்ற இருவரும் கை கூப்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

வெளியே வந்தபோது நீரூற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நூல் பிடித்த மாதிரி ஒரு ஒழுக்கு. ஆனால் அதைச் சுற்றி ஊர் முழுக்க நின்றது. ஊர் முழுக்க என்றால் நாற்பத்திரண்டு பேர்.

அவர்கள் ஆச்சரியப்படவில்லை. நகரசபை எழுத்தர் நுன்ஸியோ படி வழியே இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, அடிப்படிகள் இரண்டு மண்ணுக்குள் போய்விட்டன என்று மழை பெய்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். ரொட்டிக்காரி ரொசாரியா, யாராவது பிள்ளையைக் கோயில் பாறையில் நிறுத்தினார்களா என்று கேட்டாள், நிறுத்தவில்லை. மிலானில் இருக்கிற பையன்களில் யாராவது திரும்பி வர நினைத்தார்களா என்று இரண்டு பேர் தொலைபேசி எடுத்துப் பார்த்தார்கள், நினைக்கவில்லை. அப்போதுதான் ஊர்க்காரர் ஒருவர் கோயில் வாசலில் கிடந்த செருப்புகளைக் காட்டினார். எல்லாரும் செருப்பைப் பார்த்தார்கள், பிறகு மூன்று பெண்களின் காலைப் பார்த்தார்கள், பிறகு ரொசாரியா போய் நாற்காலி எடுத்து வந்து அவர்களை உட்காரவைத்து, சூட்டு ரொட்டியும் ஒலிவ் எண்ணெயும் கொண்டுவந்து வைத்து, நடந்ததை விளக்கினாள்.

அந்த ஊரில் ஒரு குழந்தை எழும்பி நிற்கத் தொடங்கியதும் கோயில் பாறையில் வெறுங்காலோடு நிறுத்துவார்கள், அன்றைக்கு மலை ஒரு படி இறங்கும். மலைக்கு ஆள் தெரிகிற வழி அது ஒன்றுதான், சப்பாத்தோடு வருகிறவர்கள் ஆயிரம் பேரானாலும் அதற்குக் காற்று வந்து போன கணக்கு. ஒருமுறை கால் தெரிந்துவிட்டால் பிறகு அந்த ஆள் எங்கே வேலைக்குப் போனாலும், எத்தனை வருடம் கப்பலில் திரிந்தாலும், திரும்பிவரும் எண்ணம் இருக்கும்வரை அவருடைய பாரம் மலையில் இருக்கும். போய்விடுவது என்று உள்ளுக்குள் தீர்மானித்தால், சீட்டு எடுக்க முன்னம், பெட்டி கட்ட முன்னம், வாய் திறக்க முன்னம் மலை ஒரு படி உயர்ந்துவிடும்.

இதனால் அந்த ஊரில் யாரும் எதையும் ஒளிக்க முடியாமல் போயிற்று என்று நினைத்தால் அது தப்பு, ஒளிப்பதற்கு ஒரு முறை உண்டாயிற்று. அமெரிக்காவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில், மதியச் சாப்பாட்டு மேசையில் கோப்பையில் இருந்த வைன் மெல்ல ஆடி நின்றால் தாய்மார் தலை நிமிர்த்தி மேசையைச் சுற்றியிருந்த முகங்களை ஒன்றொன்றாகப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து சாப்பாட்டைப் போடுவார்கள். கேட்பது மரியாதை இல்லை. ஒன்பது நாள் தவணை. தீர்மானித்தவர் தானாகச் சொல்வதற்கு அந்த ஒன்பது நாளில் வீட்டில் நல்ல சாப்பாடு சமைப்பார்கள், பழைய சண்டைகளைக் கிளற மாட்டார்கள், பெண் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை ஒத்திப்போடுவார்கள். பத்தாம் நாள் கல்லுத்தச்சன் வந்து கீழே ஒரு படி செதுக்கிப் போடுவான். இப்படியே போட்டுப் போட்டு, ஊர்வாசல் வரைக்கும் வந்த பஸ் கீழேயே நின்றுவிட்டது, தபால்காரருக்கு முழங்கால் போயிற்று, அஞ்சு வருடத்துக்கு முந்தி நகரத் தலைவர் சதுக்கத்தில் நின்று “நான் இந்த ஊரைவிட்டுப் போகவே மாட்டேன்” என்று பேசிக்கொண்டிருந்தபோதே மேடை ஒரு குலுக்குக் குலுக்கி உயர்ந்தது. மக்கள் கைதட்டினார்கள், ஒன்பது நாள் பொறுத்தார்கள்.

தண்ணீர் எதிர்மலைச் சுனையிலிருந்து குழாய் வழியாகத் தானாக ஏறி வருவது. ஊர் சுனைக்கு மேலே உயர்ந்துவிட்டால் ஏறாது. போன வருடம் ரொசாரியாவின் இரட்டைப் பிள்ளைகள் இருவரும் ஒரே காலையில் தீர்மானித்தார்கள், இரண்டு படி உயர்ந்தது, நீரூற்று நின்றது. அன்றிலிருந்து மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் ஏற்றி, படியடியில் இறக்கி, குடத்தில் தூக்குகிறார்கள். இப்போது அந்த இரண்டு படியும் இறங்கிவிட்டது.

“நீங்கள் இங்கே குடிவர வேண்டும் என்றில்லை,” என்றார் நுன்ஸியோ. “திரும்பவும் வருகிற எண்ணம் உள்ள ஆட்கள், வந்த இடத்தைவிட்டு ஓடாத ஆட்கள், அது போதும் மலைக்கு.”

ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த கமலாக்கா அப்போதுதான் கணக்குப் பார்த்தாள். அங்கே எவரும் கேட்காத கேள்வியை, கேட்கக் கூடாத கேள்வியை, இத்தாலியனில் சத்தமாகக் கேட்டாள். “நாங்கள் மூன்று பேர். ஏன் இரண்டு படி?”

ஊர் முழுக்கத் தரையைப் பார்த்தது. ரொசாரியா மேசையில் இல்லாத ரொட்டித்தூளைத் துடைத்தாள்.

தவமலருக்குத் தன் கைப்பைக்குள் இருந்த கடதாசி ஊரெல்லாம் கேட்கச் சத்தம் போடுவதாகத் தோன்றியது. ஒன்பது நாள் தவணை அவளுக்கும் உண்டுதான், ஆனால் இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவள் பக்கத்து நாற்காலியில் இருக்க, முன்பின் தெரியாத நாற்பத்திரண்டு பேருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருப்பது பொறுக்க முடியாத வெட்கமாக இருந்தது. ஸிப்பை இழுத்தாள், சீட்டை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நான்தான்,” என்றாள். “பத்தொன்பதாம் திகதி மகனிட்டைப் போறன். இண்டைக்குச் சொல்லத்தான் இருந்தனான்.”

கமலாக்கா வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னமே பிலோமினா அழத் தொடங்கிவிட்டாள். எல்லாரும் அது பிரிவுக்கு அழுகிற அழுகை என்று நினைத்து அவள் தோளைத் தட்ட, அவள் தட்டின கையையெல்லாம் தள்ளிவிட்டு, “இல்லை, அது நான்” என்றாள். “மலரக்கா, நான் நோர்வேக்குப் போறன். மகள் ஜெனிற்றா கூப்பிட்டவள். மார்கழியிலயே முடிவெடுத்திட்டன். உங்களிட்டைச் சொல்ல வாய் வரேல்லை.”

 மூன்று சோடி செருப்பு, போகிறவர்கள் இரண்டு பேர், இறங்கியதோ இரண்டு படி. கமலாக்கா இரண்டையும் இத்தாலியனில் சொல்ல, நுன்ஸியோ விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, முப்பது வருடம் இந்த வேலையைச் செய்தவரின் பொறுமையோடு சொன்னார். “உங்கள் இருவரில் ஒருவர் போகவில்லை. அவருக்கு அது இன்னும் தெரியாது.”

கமலாக்கா எழும்பினாள். சாவகச்சேரிக் கோர்ட்டில் மனு எழுதிக் கொடுத்த பெரியப்பா ஒருவர் அவளுக்கு இருந்தார், விசாரணை என்றால் அவளுக்குத் தனிக் குணம் வந்துவிடும்.

“பிலோ, நீ என்ன செய்து வைச்சிருக்கிறாய்? சொல்லு.”

பிலோமினா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். வேலை வீட்டில் சொல்லிவிட்டாள், அவர்களும் வேறு ஆள் பிடித்துவிட்டார்கள். தையல் மெசினைக் கொடுத்துவிட்டாள். குளிர் உடுப்பு வாங்கிவிட்டாள். அந்தோனியார் படத்தைப் பார்சலில் அனுப்பி அது போயும் சேர்ந்துவிட்டது.

“அந்தோனியார் சுவரில தொங்குறாரே!” என்றாள் தவமலர்.

“அது வேற அந்தோனியார், மலரக்கா. இடம் வெறுமையா இருந்தா நீங்கள் கண்டுபிடிச்சிடுவியள் எண்டு புதுசா வாங்கி மாட்டினனான்.”

தவமலருக்குச் சுருக்கென்றது. எத்தனை வியாழன் அந்தப் புது அந்தோனியாருக்குக் கீழே இருந்து தலை சீவியிருக்கிறாள். தன் கைப்பையில் இருந்ததை மறந்து, தானும் அதையே செய்தவள் என்பதை மறந்து, அவளுக்குப் பிலோமினா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

“இப்ப நீ சொல்லு,” என்று கமலாக்கா அவள் பக்கம் திரும்பினாள். “சீட்டு வந்து எத்தினை நாள்?”

“ஒரு மாசம்.”

“பெட்டி கட்டினியோ?”

“இல்லை.”

“அறைக்காரனிட்டைச் சொன்னியோ?”

“சொல்லேல்லை.”

“போன வியாழன் என்ர மனுசனைக் கொண்டு தமிழ்க்கடையில இருந்து என்ன தூக்கிக்கொண்டு வந்து போட்டனீ?”

தவமலர் சீட்டை எடுத்து மடித்தாள்.

“பத்துக் கிலோ அரிசி,” என்று கமலாக்கா சபையைப் பார்த்துச் சொன்னாள், அதை இத்தாலியனிலும் சொன்னாள். “பதினாலு நாளில ஊரைவிட்டுப் போறவள் ஆரும் பத்துக் கிலோ அரிசி வாங்குவாளே?”

நாற்பத்திரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். அந்த ஊரில் அதைவிடச் சின்னச் சாட்சியங்களுக்கெல்லாம் தீர்ப்பு வழங்கியிருக்கிறார்கள்.

“இல்லை, நான் போறன்,” என்றாள் தவமலர். யாரும் மறுக்கவில்லை. அவள் எழுந்து நீரூற்றுக்குப் பக்கத்தில் போய் நின்று, “நான் போறன்தான்” என்று இன்னொருமுறை, இம்முறை தண்ணீருக்குச் சொன்னாள். தண்ணீர் நூல் மாறாமல் ஒழுகியது. ரொசாரியா ஒரு குடத்தைக் கொண்டுவந்து அவளுக்குத் தொந்தரவு இல்லாத மாதிரி ஒரு பக்கமாக வைத்துப் பிடித்தாள். குடம் நிரம்ப இருபது நிமிடம் எடுத்தது, அவ்வளவு நேரமும் தவமலர் அங்கேயே நின்றாள். மகன் கேட்டபோது “ஓம்” என்று சொன்னது அவன் மனம் நோகக் கூடாதென்று சொன்னது என்பதும், தனக்குச் சந்தைச் சத்தமும் அந்த இரண்டு கட்டிலும் வியாழன் பின்னேரமும்தான் வேண்டும் என்பதும், அந்த இருபது நிமிடத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் இன்னும் மோசமாக இருந்தது. ஏனென்றால் அந்த இரண்டு கட்டிலில் ஒன்று மார்கழியிலேயே போய்விட்டது.

புட்டை ஊர்க்காரர்களோடு பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். நுன்ஸியோ குழம்பு உறைப்பில் கண் கலங்கி, இரண்டாவது தரமும் வாங்கினார். பின்னேரம் நாலு மணிக்கு ஊர்வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள், யாரும் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. இறங்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு படிதான் இருந்தது.

பஸ்ஸில் கமலாக்கா ஏறியதும் நித்திரையாகிவிட்டாள். மற்ற இருவரும் பத்து வளைவு வரைக்கும் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

“சொல்லியிருக்கலாம்,” என்றாள் தவமலர் கடைசியில். “நான் மறிச்சிருக்க மாட்டன்.”

“அதுதான் மலரக்கா பயம்,” என்றாள் பிலோமினா. “நீங்கள் மறிக்காம விட்டிடுவியள் எண்டுதான் சொல்லேல்லை.”

அதற்குப் பிறகு அழுவதற்கு இருவருக்கும் பலெர்மோ வரைக்கும் நேரம் இருந்தது, அழுதார்கள்.

பத்தொன்பதாம் திகதி பர்மிங்ஹாம் விமானம் ஒரு இருக்கை காலியாகப் போனது. ஏன் வரவில்லை என்று நிரூபன் கேட்டதற்குத் தவமலர், ஒரு மலை இரண்டு படி இறங்கியதையும் அதில் ஒரு படி தன்னுடையது என்பதையும் உள்ளபடி சொன்னாள். அவன் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். மூன்று கிழமை பேசாமல் இருந்துவிட்டு நத்தார்ப் பண்டிகைக்குத் தானே வருவதாகச் சொன்னான், வந்தும் போனான். பிலோமினா புரட்டாதியில் போனாள். விமான நிலையத்தில் இருவரும் கொஞ்சமும் அழவில்லை, பெட்டியின் பாரம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தவமலர் வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றக் கட்டிலுக்கு ஆள் சேர்க்கலாமே என்று அறைக்காரன் கேட்டபோது, அந்த மெத்தை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அரிசியை இரண்டு கிலோப் பைகளாக வாங்கத் தொடங்கினாள்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை வீட்டில் கிழவருக்கு சூப் கொடுத்துக்கொண்டிருந்தபோது நுன்ஸியோ தொலைபேசி எடுத்தார். உடம்பு சுகம் கேட்டார், குழம்பைப் பற்றிக் கேட்டார், பிறகு சொன்னார். இன்றைக்குக் காலையில் மலை ஒரு படி இறங்கியது. எந்தப் பிள்ளையையும் பாறையில் நிறுத்தவில்லை. மிலானில் கேட்டார்கள், ஜெர்மனியில் கேட்டார்கள், ஆர்ஜென்டினாவில் கூட ஒருவரை நித்திரையால் எழுப்பிக் கேட்டார்கள், ஊர்க்காரர் யாரும் இல்லை. நீரூற்றில் இப்போது குடம் அஞ்சு நிமிடத்தில் நிரம்புகிறது.

“உங்கள் மூன்று சோடி செருப்பு ஞாபகம் வந்தது,” என்றார். “நான் ஒன்றும் கேட்கவில்லை, சிஞ்ஞோரா. தெரியப்படுத்தினேன், அவ்வளவுதான்.”

தவமலர் சூப்பை முழுக்கக் கொடுத்து, கிழவரின் வாயைத் துடைத்து, கோப்பையைக் கழுவி வைத்தாள். நோர்வேயில் பேர்கன் நகரத்துக்கு, பிலோமினாவிடம் எடுத்துக் கேட்க வேண்டும் போல் இருந்தது, எடுக்கவில்லை. ஒன்பது நாள் தவணை. வியாழன் பின்னேரம் அறைக்குப் போய், மற்றக் கட்டிலின் மெத்தையைத் தூக்கி யன்னலில் போட்டு அடித்தாள். விரிப்பைத் தோய்த்தாள், அந்தோனியாரைத் தூசி தட்டினாள், தமிழ்க்கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். ஞாயிறும் போயிற்று. நாலுதரம் கைபேசியை எடுத்து நாலுதரமும் வைத்தாள், ஊர்க்காரர்கள் இதை நூறு வருடம் எப்படிப் பொறுத்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

எட்டாம் நாள் பேர்கனிலிருந்து அழைப்பு வந்தது. பிலோமினா பனியைப் பற்றிச் சொன்னாள், பேரன் தமிழ் கதைக்கிறானில்லை என்றாள், எல்லாரும் நல்லாய்த்தான் பார்க்கிறார்கள் என்றாள், பிறகு இரண்டுதரம் செருமினாள்.

“மலரக்கா, ஒரு விசயம் சொல்லவேணும். கோவிக்கக் கூடாது.”

“தெரியும்,” என்றாள் தவமலர். “உன்ர கட்டிலை உதறி விரிச்சு அஞ்சாறு நாளாச்சு. எத்தினையாம் திகதி வாறாய் எண்டதை மட்டும் சொல்லு.”